ஆடியில் தொலைந்த ரிமோட்

ஜூலை 19, வெள்ளி

ஹோம் தியேட்டர் ரிமோட்டைக் காணவில்லை. காலை ஆறே முக்கால் செய்திக்கு உட்கார்ந்தபோது தெரிந்தது. சோபா மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தாயிற்று. டிவி மேசைக்குப் பின்னால், பீரோவுக்கு அடியில், என் வீட்டுக்காரி மயிலாத்தாளின் வெற்றிலைப் பையில்கூடப் பார்த்தாயிற்று. இல்லை.

மில்லில் நெசவு ஷெட்டில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். தறி நின்றால் ஷிஃப்ட் நோட்டில் மூன்று விஷயம் எழுதவேண்டும். என்ன பழுது, என்ன காரணம், யார் பொறுப்பு. அந்தப் பழக்கத்தில் வந்ததுதான் இந்த டைரியும். பழுது: ரிமோட் இல்லை. காரணம்: கவனக்குறைவு. பொறுப்பு: மருமகள் தாரணி. நேற்று மாலை அவளுக்கு ஃபோன் வந்தபோது ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். என் கண்ணால் பார்த்தேன்.

கேட்டதற்கு, "கொறச்சுட்டு உங்க பக்கத்துலயே வெச்சுட்டேனுங்க மாமா" என்கிறாள்.

வைத்திருந்தால் இருக்குமே.

ஜூலை 20, சனி

இந்த செட்டை உண்டாக்கியவனுக்குத் தறி ஃபிட்டரின் புத்தியில் கால்வாசி இருந்தாலும் போதும், பெட்டியிலேயே நாலு பொத்தான் வைத்திருப்பான். இருப்பது ஒன்றே ஒன்று. போடலாம், நிறுத்தலாம். மற்றதெல்லாம் ரிமோட்டில். போட்டவுடன் சத்தம் பன்னிரண்டாம் எண்ணில் வந்து நிற்கும். நான் வைப்பது முப்பத்தெட்டு. டிவியின் சொந்த ஸ்பீக்கரை என் மகன் பூபதி அடைத்துவிட்டு, எல்லாச் சத்தத்தையும் இந்த ஐந்து சின்னப் பெட்டிக்கும் ஒரு பெரிய பெட்டிக்கும் மாற்றி வைத்திருக்கிறான். ஆகவே வேறு வழியும் கிடையாது.

பன்னிரண்டில் செய்தி பரவாயில்லை, பிடித்துக்கொள்ளலாம். சீரியல்தான் ஒன்றும் விளங்கவில்லை. இப்போது படம் பிடிக்கிறவர்கள் ஆளைத் திருப்பி நிறுத்திவிட்டு முதுகைக் காட்டிப் பேசவிடுகிறார்கள். பேசுகிறவர்களும் வாய்க்குள்ளேயே மெல்லுகிறார்கள்.

மயிலாத்தாள் எதிரே வந்து நின்று, "இதுவே போதுமுங்க. தெருமொனை வரைக்கும் கேட்டாத்தானா?" என்றாள். நாற்பத்தாறு வருடமாக என் பேச்சுக்குக் குறுக்கே நிற்பது அவள் வழக்கம்.

ஜூலை 21, ஞாயிறு

இன்றும் தேடினேன். தாரணியையும் தேடச் சொன்னேன்.

"எத்தன தடவைங்க மாமா கேப்பீங்க? நான் தொலைக்கல. தொலைச்சிருந்தா தொலைச்சேன்னு சொல்லிட்டுப் போறேன், எனக்கென்ன பயம்?"

எதிர்த்துப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பேச்சு இல்லை. அன்னூருக்கு, அவள் அப்பா சென்னியப்பனுக்கு ஃபோன் போட்டேன். எனக்கு ஃபோனில் நீட்டிப் பேசப் பிடிக்காது. சொல்லவேண்டியதைச் சொன்னேன். "சம்மந்தி, உங்க பொண்ணு ஒரு பொருளை எடுத்தா எடுத்த எடத்துல வெக்கறதில்லீங்க. கேட்டா எதுத்துப் பேசுது." அவர் நீளமாக ஏதோ சொன்னார். லைன் இப்போதெல்லாம் எப்போதும் கரகரவென்றுதான் இருக்கிறது. ஆமாங்க ஆமாங்க என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தாரணி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கட்டும். நான் ஒளித்துப் பேசுகிறவன் அல்ல.

ஜூலை 23, செவ்வாய்

பூபதி சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தான்.

"அப்பா, ஆடி முடிஞ்சதும் நாங்க திருப்பூருக்கே போயிர்றோம். கம்பெனிக்குப் பக்கத்துல ஒரு வீடு பாத்திருக்கேன்."

"யாரு போகச் சொன்னா?"

அவன் என்னையே பார்த்தான். "உங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான்.

எனக்கு என்ன தெரியும்? ஒரு ரிமோட்டுக்காக வீட்டை விட்டுப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆடியில் வீடு மாறக்கூடாது என்கிற மட்டும் மரியாதை மிச்சம் இருக்கிறதே, அதுவரை சந்தோஷம்.

மயிலாத்தாள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

ஜூலை 24, புதன்

சோமனூர் கடைவீதியில் டிவி ரிப்பேர் பார்க்கும் ஹக்கீமிடம் போனேன். மேசை நிறையச் சர்க்யூட் போர்டுகள். குனிந்து சால்டரிங் வைத்தபடியே பேசுகிறான்.

"தம்பி, வந்தவன் மொகத்தப் பாத்துப் பேசு. அது ஒரு மரியாதை" என்றேன்.

நிமிர்ந்து சிரித்தான். "சரிங்கய்யா. உங்க செட்டு பழைய மாடலு. அந்தக் கம்பெனி ரிமோட்டு இங்க கெடைக்காது. யுனிவர்சல் ரிமோட்டு இருக்கு. கோடு நம்பர் போட்டுப் போட்டுப் பாக்கணும். ஏதாவது ஒண்ணுல எடுத்துக்கும், எடுக்காமலும் போகும்."

"எத்தன நம்பரு?"

"ஒண்ணுல இருந்து தொள்ளாயிரத்துச் சொச்சம் வரைக்கும். பொறுமை இருக்குங்களா?"

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வெளிநாட்டுத் தறி வந்தபோது அதனோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை, அகராதியை வைத்துக்கொண்டு ஏழு மாதத்தில் படித்து முடித்தேன். என்னிடம் பொறுமையைக் கேட்கிறான்.

ஒரு நல்ல விஷயம் சொல்லிக்கொடுத்தான். ரிமோட்டின் மூக்கை செல்ஃபோன் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஃபோனில் தெரிகிறது. எரிந்தால் ரிமோட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இப்படிச் சோதனை பண்ணிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். யார் சொல்லையும் நம்பவேண்டியதில்லை.

ஜூலை 25, வியாழன்

001 முதல் 240 வரை. ஒன்றும் இல்லை.

ஜூலை 26, வெள்ளி

412இல் செட் நின்றது. மறுபடி அழுத்தினால் ஓடியது. அவ்வளவுதான். சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 700 வரை போய்விட்டு வைத்துவிட்டேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது.

சாயங்காலம் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். மயிலாத்தாள் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தாரணி தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தம்ளரை வைக்கும்போது தாரணி சட்டென்று கையை நிறுத்திவிட்டு மாமியாரின் முதுகையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், நான் ஏதோ செய்துவிடப்போகிறேன் என்பதுபோல.

"என்ன?" என்றேன்.

மயிலாத்தாள் திரும்பினாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "ஒண்ணுமில்லீங்க. கொழம்புக்குப் புளி பத்தலன்னு சொன்னேன்."

புளி பத்தாததற்கு தாரணி ஏன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவேண்டும்? இந்த வீட்டில் எல்லாம் நாடகமாகப் போய்விட்டது.

ஜூலை 28, ஞாயிறு

பழைய சினேகிதன் பழனியப்பனைப் பார்த்தேன். அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில், நான் இந்தப் பக்கம் பேக்கரியில். நடுவில் லாரியும் டேங்கரும் ஆரன் அடித்துக்கொண்டு போகின்றன. இருந்த இடத்திலிருந்தே பத்து நிமிஷம் பேசி முடித்தோம். மகளுக்கு வரன் முடிந்தது, சர்க்கரை இருநூறில் இருக்கிறது, மோட்டார் காயில் போய்விட்டது, எல்லாம்.

நெசவு ஷெட்டில் இருந்தவர்களுக்கு இது பெரிய காரியமே இல்லை. இருநூற்று நாற்பது தறி ஒரே நேரத்தில் அடிக்கும்போது காதருகில் வந்து கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துப் பேசுவோம், கையால் பேசுவோம். மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். கட்டைவிரலை வாயில் வைத்தால் டீ. ஒருத்தன் பெண்டாட்டியோடு சண்டை போட்டதை அடுத்த லைனில் இருப்பவனுக்குக் கதையாகச் சொல்வான். புதிதாகச் சேர்ந்தவன் மூன்று மாதத்தில் பழகிவிடுவான், இல்லாவிட்டால் ஓடிவிடுவான்.

பிறகு பழனியப்பன் இந்தப் பக்கம் வந்தான். காதில் ஏதோ வெளுப்பாக இருந்தது.

"என்னடா, காதுக்குள்ள பொட்டுக்கடல போட்டிருக்கற?"

"மிஷினுடா. ஷெட்டுல இருந்தவனுக எல்லாத்துக்கும் போச்சு. நீயும் ஒருக்கா காட்டீரு, நாச்சிமுத்து."

"எனக்கு என்ன கேடு? இத்தன நேரம் ரோட்டுக்கு அக்கட்ட இருந்து நீ பேசுனது ஒரு எழுத்து விடாம விழுந்துச்சே."

அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "நான் எங்கடா பேசினேன்? வாயத்தான அசைச்சேன்" என்றான்.

வயசானால் சிலருக்கு எல்லாமே வேடிக்கை.

ஜூலை 30, செவ்வாய்

டிவி மேசையை நகர்த்தி, செட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைத் தாரணி ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்றேன். "சும்மாதானுங்க மாமா" என்றாள். சும்மா யாராவது அந்தப் புழுதிக்குள் தலையை விடுவார்களா?

ஆகஸ்ட் 1, வியாழன்

கூரியரில் ரிமோட் வந்தது. அதே மாடல், அசல். தாரணி ஆன்லைனில் தேடி வரவழைத்திருக்கிறாள். தொலைத்தவளுக்கு உறுத்தியிருக்கிறது, வாங்கிவிட்டாள். நியாயம்தான்.

சாயங்காலம் பேட்டரி போட்டேன். ஃபோன் கேமராவில் பார்த்தேன், எரிந்தது. பழக்கம் விட்டுப்போனதால் இரண்டு மூன்று பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தி, கடைசியில் முப்பத்தெட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஏழு மணிச் செய்தி. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

என்ன தெளிவு! மணி அடித்ததுபோல ஒவ்வொரு சொல்லும் வந்து விழுந்தது. பழைய ரிமோட்டில் வைத்தால் தரை அதிரும், உட்காரும் இடத்திலேயே தெரியும். இதில் அந்த அதிர்வும் இல்லை. சுத்தமான சத்தம். முழு அரை மணி நேரமும் பார்த்தேன். அணை நீர்மட்டம், தேயிலைத் தோட்டத்தில் யானை, எல்லாம்.

"இப்ப எப்புடிக் கேக்குது பாத்தீங்களா? கோளாறு செட்டுலயும் இல்ல, ஆளுகிட்டயும் இல்ல. ஒரு ரிமோட்டு, அவ்வளவுதான்" என்றேன்.

மயிலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூபதி ஏதோ சொல்ல வாயெடுத்தான், தாரணி அவன் முழங்கையைப் பிடித்தாள். அவன் எழுந்து வெளியே போனான். தோற்றவர்கள் அப்படித்தான் போவார்கள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலையில் செட்டைத் துடைக்கப் போனேன். நேற்று டிவியை மட்டும் நிறுத்திவிட்டு இதை நிறுத்த மறந்திருக்கிறேன். கண்ணாடி போட்டிருந்தேன். பெட்டியின் சின்ன ஜன்னலில் நான்கு இங்கிலீஷ் எழுத்து மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. மியூட்.

இந்த வார்த்தை எனக்குத் தெரியும். அகராதி தேவையில்லை.

ரிமோட்டை எடுத்துப் பார்த்தேன். சத்தம் கூட்டும் பொத்தானுக்கு அடுத்தது அதுதான். நேற்று மாற்றி மாற்றி அழுத்தியதில் கடைசியாக அதுவும் விழுந்திருக்கும். விழுந்த பிறகு யாரும் ரிமோட்டைத் தொடவில்லை.

சோதனை பண்ணினேன். டிவியைப் போட்டு, மியூட் பொத்தானை ஒரு தரம் அழுத்தினேன். தரை அதிர்ந்தது. அடுக்களையிலிருந்து மயிலாத்தாள் கரண்டியோடு ஓடி வந்தாள். மாடியில் தாரணி கதவைத் திறந்தாள். நிறுத்தினேன்.

மயிலாத்தாளை உட்காரச் சொன்னேன். "நேத்து ஏழு மணிக்குச் சத்தம் வந்துச்சா?"

"இல்லீங்க."

"ஒரு பொட்டுகூட?"

"ஒரு பொட்டுகூட இல்லீங்க. வெறும் படந்தான் ஓடுச்சு. பூபதி சொல்ல வந்தான், தாரணிதான் வேண்டாம்னு புடிச்சுட்டா. உங்க மொகத்துல அத்தன சந்தோசம் இருந்துச்சுங்க."

அவளே தொடர்ந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாக.

"அந்தப் பழைய ரிமோட்ட நாந்தான் குப்ப வண்டியில போட்டேன். தல வெடிக்குதுங்க. சத்தத்த எச்சா வெக்காதீங்கன்னு எத்தன வருசமாச் சொல்றேன். அன்னிக்கி பாத்தரம் கழுவறப்பச் சொன்னேன். உங்களுக்கு விழுகல. தாரணிக்கு விழுந்துச்சு. மறுக்காச் சொல்ல எனக்குத் தகிரியம் வரல. அவளும் உங்ககிட்டச் சொல்லல."

அவள் இதைச் சொல்லும்போது நான் இன்னொன்றையும் கவனித்தேன். அவள் குரல் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய குரல். உதடு அசையும்போது அதுதான் எனக்குள் வருகிறது.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

மயிலாத்தாளை எதிரில் நிறுத்தி, நான் கண்ணை மூடிக்கொண்டு, இருபது வார்த்தை சொல்லச் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது நோட்டில் நான்கு வார்த்தைதான் எழுதியிருந்தேன். அதிலும் ஒன்று தப்பு.

கண்ணைத் திறந்துகொண்டு: இருபதுக்கு இருபது.

பழுதும் காரணமும் கண்டாயிற்று. தாரணியின் அப்பாவிடம் நான் பேசிய பேச்சு மிச்சம் இருக்கிறது. ஃபோனில் சொல்லலாம். ஆனால் அவர் பதிலுக்கு என்ன சொல்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நேரில்தான் போகவேண்டும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கருமத்தம்பட்டி நால்ரோட்டில் இறங்கி அன்னூர் பஸ் பிடித்தேன். சென்னியப்பன் களத்தில் மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். சிரிக்கவில்லை.

"வாங்க சம்மந்தி. தண்ணி குடிக்கிறீங்களா?"

"மொதல்ல நான் சொல்லிர்றேனுங்க. ரிமோட்ட உங்க பொண்ணு தொலைக்கல. நான் உங்ககிட்டச் சொன்னது பொய். பொய்யின்னு தெரியாமச் சொன்னேன், ஆனாலும் பொய்தான்."

அவர் தட்டுக்கட்டைத் தள்ளி வைத்தார்.

"அது போகுதுங்க. பொருளு தொலையும், வரும். அன்னிக்கி ஃபோன்ல நான் உங்களக் கேட்டனே, அதுக்கு நீங்க சொன்ன பதிலுதான் சம்மந்தி எனக்கும் அவ அம்மாவுக்கும் தூக்கத்தக் கெடுத்துருச்சு."

"என்ன கேட்டீங்க?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு எம் பொண்ணு அங்க இருக்கறது புடிக்கலீங்களா, தனியாப் போயிரச் சொல்லட்டுங்களான்னு கேட்டேன். நீங்க ஆமாங்க ஆமாங்கன்னீங்க. ரெண்டு தடவ. அப்பறம் வெச்சுட்டீங்க. அதுக்குப் பொறவுதான் மாப்பிள்ளகிட்ட நானே வீடு பாக்கச் சொன்னேன். புடிக்காத எடத்துல எதுக்குப் புள்ள இருக்கணும்?"

களத்தில் இரண்டு மாடு நின்றுகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தோரு வருடத்தில் என் கையால் எத்தனையோ தறி நின்றிருக்கிறது. ஒரு வீட்டை நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

"எனக்குக் காது கேக்கறதில்லீங்க" என்றேன். "நீங்க கேட்டது எதுவும் எனக்கு விழுகல. விழுந்திருந்தா ஆமான்னு சொல்லியிருக்க மாட்டேன்."

இந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் முறை. மயிலாத்தாளிடம்கூட அதுவரை சொல்லவில்லை.

சென்னியப்பன் கிட்டத்தில் வந்தார். மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னார். "தாரணி ரெண்டு வருசமா அதத்தான் எங்ககிட்டச் சொல்லிட்டு இருக்கறா. மாமாவ டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போகோணும், யாரு சொல்றதுன்னு தெரியலீன்னு. சாப்பிட்டுட்டுப் போங்க."

சாப்பிட்டேன். பச்சைப்பயறு குழம்பு. உப்பு கொஞ்சம் தூக்கல். சொல்லவில்லை.

வீடு வர நாலரை ஆகிவிட்டது. மூவரையும் கூப்பிட்டு அன்னூரில் சொன்னதை அப்படியே இங்கேயும் சொன்னேன். கேட்ட கேள்வி என்ன, நான் சொன்ன பதில் என்ன, ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையெல்லாம். பூபதி தலையைக் குனிந்துகொண்டான். மயிலாத்தாள் அழுதாள். தாரணி அழவில்லை.

"போக வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "சொல்ற யோக்கியத எனக்கு இல்ல. நீதான் முடிவு பண்ணோணும்."

"நாளைக்குச் சொல்றேனுங்க மாமா" என்றாள். யோசிக்கவேண்டிய விஷயம்தான். நானாக இருந்தால் ஒரு வாரம் கேட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் தாரணி கொல்லைக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் பல் விளக்கப் போனேன். அவள் தோள் அசைவதைப் பார்த்தால் ஏதோ பேசுவதுபோல இருந்தது. முன்பென்றால் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

சுற்றிக்கொண்டு போய், ஈரக் கல்லில் கால் வழுக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவள் முகம் தெரிகிற இடத்தில் நின்றேன்.

"எனக்குக் கேக்கல தாரணி. இன்னொருக்காச் சொல்லு."

அவள் நிமிர்ந்தாள். நெற்றியில் சோப்பு நுரை.

"போகலீங்க மாமா, இங்கயே இருக்கறோம்னு சொன்னேன். ஆனா பத்தரைக்கு டாக்டருகிட்ட என்கூட வரோணும். மிஷின் குடுத்தா போடோணும். டிவி சத்தம் இருபதுக்கு மேல போகக்கூடாது."

"முப்பது" என்றேன்.

"இருபது."

"இருபத்தஞ்சு. சீரியலுக்கு மட்டும்."

"இருபதுங்க மாமா."

இந்தப் பெண் என்னைவிடப் பிடிவாதக்காரி என்பது மூன்று வருடமாக என் கண்ணில் படாமல் போயிருக்கிறது. சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பவேண்டும். மணி ஒன்பது ஐம்பது.